ஒரு முடிச்சுக்குப் பதினேழு படி

இல்லங்க, அந்தப் பக்கம் உக்காருங்க, இங்க எறும்பு. மகிழ மரத்தடின்னா பூவும் விழும், எறும்பும் வரும், ரெண்டுல ஒண்ணுதான் வேணும்னா முடியாது. தோ, அந்த மண்டபத்துத் தூணுக்குப் பின்னால பாருங்க, எங்கம்மா தலை தெரியுது. உங்கம்மாகிட்ட பேசிக்கினே கண்ணை மட்டும் இங்க வெச்சிருக்காங்க. நமக்குப் பதினஞ்சு நிமிஷம் டைம். எங்கப்பா வாட்ச்சைப் பாத்துட்டுத்தான் அனுப்பினாரு. பேசி முடிச்சிட்டுப் போய் நான் சரின்னோ வேணாம்னோ சொல்லணும். ஒரு சுடிதார் எடுக்கவே எனக்கு மூணு மணி நேரம் ஆவும்ங்க, இதுக்குக் கால் மணி நேரம்.

ஆமா, நான் நிறைய பேசுவேன். சொல்லலியா உங்ககிட்ட? அமைதியான பொண்ணுன்னா சொன்னாங்க? யாரு, தரகர் ஆதிமூலமா? அவரு என்னை ஒரே ஒரு தடவதான் பாத்தாரு, அன்னைக்கு எனக்குப் பல்லு வலி. வாயத் தொறக்க முடியல. அதை வெச்சு அந்த மனுஷன் கவிநிலா வாயத் தொறக்காத பொண்ணுன்னு ஜில்லா பூரா சொல்லி வெச்சிருக்காரு.

உங்களை நான் எப்படிக் கூப்பிடறது? புகழேந்தின்னு பேரு சொன்னா எங்கம்மா அங்கிருந்தே கல்லெடுப்பாங்க. ஏங்கன்னே வெச்சிக்கறேன், எதுக்கு வம்பு.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். ஆக்குபேஷனல் தெரபி படிக்கிறேன், மெட்ராஸ்ல. நாலு வருஷம் முடிஞ்சுது, இன்னும் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப் இருக்குது. அதை நான் முடிச்சே தீருவேன், அப்புறம் வேலைக்கும் போவேன், இதை முதல்லயே சொல்லிடறேன். தலையாட்டுறீங்க. யோசிச்சு ஆட்டுறீங்களா, இல்ல பயந்துக்கினு ஆட்டுறீங்களா? சிரிச்சா சரி.

அதுன்னா என்னான்னு தெரியாதா? பரவால்லங்க, எங்க கீழ்பென்னாத்தூர்லயே யாருக்கும் தெரியாது. எங்க தெருவுல மூணு பேரு, ஆக்குபேஷன்னா வேலைதானேன்னு எங்கிட்ட பயோடேட்டா குடுத்து வெச்சிருக்காங்க, எங்கனா ஒரு வேலை போட்டுக் குடும்மான்னு. எங்க பெரியப்பா, நர்சுக்குப் படிக்குதுன்னே பத்திரிகையில போட்டுடலாம், அதான் எல்லாருக்கும் புரியும்னு சொல்லிக்கினு இருக்காரு. ஐயோ, பத்திரிகைன்னு சொல்லிட்டேனா? சும்மா பேச்சுக்குங்க. இன்னும் ஒண்ணும் ஆவல.

எளிசா சொல்றேன். டாக்டர் உயிரைக் காப்பாத்துவாரு. பிசியோகாரங்க எழுப்பி நடக்க வெப்பாங்க. நடந்து போய் என்ன பண்ணுவீங்க? பல்லு விளக்கணும், சட்டை போடணும், சோறு பிசையணும், பேனா புடிக்கணும், புள்ளையத் தூக்கணும். அங்கதான் நாங்க வர்றோம். காலையில எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் ஒரு ஆளு தனக்குன்னு என்னென்ன செய்யறாரோ, அது அத்தனையும் ஆக்குபேஷன்தான். சம்பளம் வர்றது மட்டும் இல்ல. இப்ப ஒரே மூச்சுல சொல்லிட்டேன் பாருங்க, முதல் வருஷப் பரிட்சையில இதே கேள்விக்கு ரெண்டு பக்கம் எழுதிப் பெயிலானேன்.

ஆமாங்க, பெயில். பவுண்டேஷன்ஸ்னு ஒரு பேப்பர், இந்தப் படிப்போட அடிப்படையெல்லாம் அதுலதான். பிராக்டிகல்ல நான் கிளாஸ் பர்ஸ்ட்டு, தியரியில முப்பத்தி ரெண்டு மார்க்கு. எங்கப்பா இதைச் சொல்லியிருக்க மாட்டாரே? எல்லாத்துலயும் பர்ஸ்ட் கிளாஸுன்னுதான் சொன்னாரா? அதான். மாப்பிள்ளை வீட்ல அரியர் மேட்டரை எடுக்கக் கூடாதுன்னு வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணினாங்க. நான் மறுபடியும் எழுதி அம்பத்தி நாலு எடுத்துட்டேன், அப்பவும் மறைக்கணுமாம். நான் சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்ட ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எவ்ளோ லேசா இருக்குது தெரியுமா?

அந்த பேப்பரை எடுத்தவங்க குசுமாவதி மேடம். நம்ம ஜில்லாதான், வந்தவாசிப் பக்கத்துல ஒரு ஜெயின் குடும்பம். முதல் நாள் கிளாஸுக்கு ஒரு டம்ளர்ல காப்பி கொண்டாந்து மேசை மேல வெச்சாங்க. இதைக் குடிக்கறதுக்கு எத்தனை படி, எழுதுங்கன்னாங்க. நான் ரெண்டு எழுதினேன். எடுக்கணும், குடிக்கணும். மேடம் என் நோட்டைப் பாத்துட்டு, சரி வாம்மா, நீ எழுதின மாதிரியே குடின்னாங்க. எடுத்தேன், கொதிக்குது, விட்டேன், காப்பி பூரா என் புது நோட்டு மேல. அப்புறம் அவங்க போர்டுல எழுத ஆரம்பிச்சாங்க. முதல் படி, டம்ளரைக் கண்ணு பாக்கணும். எவ்ளோ தூரம்னு மூளை கணக்குப் போடணும். தோளு முன்னால வரணும், முழங்கை நீளணும், விரலு டம்ளர் அகலத்துக்கு விரியணும், சூடா இருக்குதுன்னு தோலு சொல்லணும், சொன்னா விளிம்பைப் புடிக்கணும். இப்படியே முப்பத்தி நாலு படிங்க, ஒரு வாய் காப்பிக்கு. மேடம் சொன்னாங்க, உங்ககிட்ட வர்ற ஆளு இதுல ஏதோ ஒரு படியிலதான் நின்னுக்கினு இருப்பாரு, அந்த ஒத்தப் படியைக் கண்டுபுடிச்சா போதும், மத்த முப்பத்தி மூணையும் அவரே ஏறிப்பாருன்னு.

அன்னையில இருந்து எனக்கு இது ஒரு வியாதியாயிடுச்சு. யாரு எது செஞ்சாலும் படி எண்ணுவேன். பஸ்ல கண்டக்டரு டிக்கெட் கிழிச்சா எண்ணுவேன். பூக்காரம்மா முழம் போட்டா எண்ணுவேன். தோ அந்தக் கொரங்கைப் பாருங்க, தேங்கா மூடியைக் கால்ல அமுக்கிக்கினு கையால நோண்டுது, அதுக்கு எந்த மேடம் சொல்லிக் குடுத்தாங்க? எங்கம்மா திட்டும், நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போனா மொகத்தைப் பாருடி, கையைப் பாக்காதன்னு. என்ன பண்றது, எனக்கு மொகம் மறந்துடும், கை மறக்காது.

எழுந்துக்காதீங்க, டைம் இருக்குது. இன்னும் எட்டு நிமிஷம். இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்குது, அதைக் கேட்டுட்டுப் போங்க.

ரெண்டாவது வருஷம், ஒரு வாரம் பூரா வலது கையைத் தூளியில கட்டிக்கினு இருக்கணும். ஒத்தக் கையால வாழ்ந்து பாத்து, எங்கெங்க கஷ்டம்னு ரெக்கார்டுல எழுதணும். என் பிரண்ட்ஸுங்க எல்லாம் ஹாஸ்டல்லயே கட்டிக்கிச்சுங்க. நான் பெரிய அறிவாளி, லீவுக்கு ஊருக்கு வந்து கட்டிக்கினேன். கஷ்டம் ஜடை பின்றதுல வரும், ஊக்கு மாட்டறதுல வரும்னு நெனச்சேன். அதெல்லாம் வந்துச்சு. ஆனா முதல் அடி மளிகைக் கடையில விழுந்துச்சு. பருப்பு வாங்கிட்டு நோட்டை இந்தக் கையால நீட்டினேன், கடைக்காரரு வாங்கவே இல்ல. காலங்காத்தால போணி நேரத்துல பீச்சாங்கையால குடுக்கறியேம்மான்னாரு. அண்ணே, வலது கை கட்டியிருக்குது பாருங்கன்னேன். பாத்தாரு. பாத்துட்டு, அப்போ பொட்டி மேல வெச்சிட்டுப் போன்னாரு.

அதாவது பரவால்ல. பக்கத்து வீட்ல வளைகாப்பு. சந்தனம் பூசப் போனேன், அந்த அக்காவோட மாமியாரு நைசா என்னைத் தள்ளி விட்டுட்டாங்க. சரின்னு பந்தியில உக்காந்தேன். இலை போட்டாச்சு, வடை பாயசம் எல்லாம் வெச்சாச்சு. எதிர்ல இருபது பேரு. என் இடது கை இலை கிட்ட போவவே இல்லங்க. இது வேஷம்னு எனக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை அவுத்துடப் போறேன்னு தெரியும். அப்பவும் போவல. வயித்து வலின்னு சொல்லிட்டு எழுந்து வந்து, வீட்ல கதவைச் சாத்திக்கினு ஸ்பூன்ல பழைய சோறு தின்னேன். தின்னுக்கினே அழுதேன். நான் அழுதுக்கினே சாப்பிட்டது வாழ்க்கையில அந்த ஒரு தடவதான்.

ரெக்கார்டுல எப்படி எழுதினேன்னா, கையால வந்த கஷ்டம் கால் பங்கு, ஊரு கண்ணுக்குப் பயந்த கஷ்டம் முக்கால் பங்குன்னு எழுதினேன். மேடம் அதுக்குக் கீழ சிவப்பு மையில, இதான்மா தியரி, போய் அரியரை எழுதுன்னு எழுதிட்டாங்க. அப்பதான் எனக்கு அந்த பேப்பரே புரிஞ்சுது. ரொம்பச் சின்ன விஷயம்ங்க. ஆளு, அவரு இருக்கற எடம், அவரு செய்யற காரியம், இந்த மூணும் ஒத்து வரணும். ஆளை மாத்த முடியுமா பாரு. முடியலியா, எடத்தை மாத்து. அதுவும் முடியலியா, செய்யற விதத்தை மாத்து. இதுக்கெல்லாம் முந்தி, உனக்கு என்ன செய்யணும்னு ஆசைன்னு அந்த ஆளைக் கேளு.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மறந்துட்டேன், ராணியம்மாள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். மூணாவது வருஷம் போஸ்டிங்ல எனக்குக் குடுத்த பேஷண்ட்டு. பக்கவாதம், வலது பக்கம். வயசு அம்பது கூட ஆவல. நான் தினமும் போய் கலர் கலரா கூம்பு அடுக்கச் சொல்வேன், ஓட்டையில குச்சி சொருவச் சொல்வேன். ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்தாங்க. மூணாவது வாரம் அந்தக் கூம்பு என் தலை மேல வந்து விழுந்துச்சு. நான் என்னா பால்வாடிப் புள்ளையாடின்னாங்க. சரி, உங்களுக்கு என்னதான்மா செய்யணும்னு ஆசைன்னு கேட்டேன். கோவத்துலதான் கேட்டேன், பாடத்தை நெனச்சிக் கேக்கல.

அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அவங்க பொண்ணு போலீஸ்ல சேந்திருக்குது. டிரெயினிங் முடிச்சு முதல் தடவ காக்கி போட்டுக்கினு வரும்போது, எம் பொண்ணு மொகத்தை ரெண்டு கையாலயும் வழிச்சு நெட்டி முறிக்கணும்மா, ஊரு கண்ணே பட்டுடும்னாங்க. டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தாங்க. நான் ஒரு நாள் பூரா கண்ணாடி முன்னால நின்னு எனக்கு நானே நெட்டி முறிச்சு முறிச்சுப் படி எழுதினேன். ரூம்ல இருந்ததுங்க எல்லாம் எனக்குக் காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னு பேசிக்கிச்சுங்க. எந்தப் படியில மாட்டுதுன்னா, வலது தோளு நெத்திப்பொட்டு வரைக்கும் ஏறல. இடது கையோட கோத்துக்கினு, முழங்கையை மேசை மேல ஊனி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினோம். ஆறு வாரம். அந்தப் பொண்ணு காக்கியில வந்து கட்டில் பக்கத்துல குனிஞ்சு நின்னுச்சு. ராணியம்மாள் வழிச்சாங்க, முறிச்சாங்க. இடது பக்கம் மட்டும்தான் பட்டு பட்டுனு கேட்டுச்சு, வலது பக்கம் சத்தமே இல்ல. ரெண்டு பக்கமும் கேட்டுச்சும்மான்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வார்டு பூரா அழுவுது, நான் மட்டும் படி எண்ணிக்கினு நிக்கறேன்.

கண்ணைத் தொடைச்சிக்கங்க, எங்கம்மா பாக்குது. நான் உங்களைத் திட்டி அழ வெச்சிட்டேன்னு நெனச்சிக்கப் போவுது.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நாலு நிமிஷம்தான் இருக்குது. எங்கப்பா வேணாம்னு சொல்லப் போறாரு.

நெஜமாதாங்க. எங்கம்மா காதுல சொல்றேன்னு கோயிலுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டாரு. பையன் வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல இருக்கான், எல்லாம் சரி. ஆனா பெரியவங்க முன்னால பேண்ட் பாக்கெட்டுல கையை வுட்டுக்கினு நிக்கறான். ரெண்டு கை எடுத்து ஒரு வணக்கம் வெக்கல, தலையை மட்டும் ஆட்டறான். வெத்தலைத் தட்டைப் பீச்சாங்கையால வாங்கறான். உத்தியோகத் திமிரு, இவன்கிட்ட எம் பொண்ணைக் குடுத்தா என்னாவும்னு கேக்கறாரு. முன்னாடி வந்த ரெண்டு எடமும் இப்படித்தான் தட்டிப் போச்சா? திமிருன்னுதான் சொன்னாங்களா? நான் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

ஏங்க, அந்தக் கையை வெளிய எடுங்க. எனக்குத் தெரியும்.

யாரும் சொல்லல. தரகருக்கே தெரியாது. அர்ச்சனைச் சீட்டை ஒரு நிமிஷம் அந்தக் கையில புடிச்சீங்க பாருங்க, அப்ப கட்டை விரலு நுனி மடிஞ்சுது. நரம்பு அடிபட்ட கையில, சீட்டு நழுவாம இருக்க அது தானா மடியும். அதுக்கு எங்க புக்குல ஒரு பேரே இருக்குது, நான் அதை எழுதித்தான் அம்பத்தி நாலு எடுத்தேன். அப்புறம் குருக்கள் விபூதி குடுக்கும்போது நீங்க இடது கையை நீட்டினீங்க, அவரு மொறைச்சாரு, சட்டுனு வலதை நீட்டினீங்க. எல்லாருக்கும் விரல் இடுக்குல விபூதி சிந்தும், உங்க கையில ஒரு துளி சிந்தல. சுண்டு விரலும் மோதிர விரலும் மடிஞ்சு குழியா இருந்துச்சு. நான் சாமியப் பாக்கல, அதைத்தான் பாத்தேன், அண்ணாமலையாரு மன்னிக்கட்டும்.

ம். காட்டுங்க. இல்லங்க, தொட மாட்டேன், எங்கம்மா அங்கியே மயக்கம் போட்டுடும். பைக்கா? முழங்கைக்கிட்டக் கண்ணாடி நரம்பைக் கிழிச்சிடுச்சா. மூணு வருஷமா. சரி. இந்த நரம்பு பழையபடி ஆயிடும்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய்யி. ஆனா கட்டை விரலும், பக்கத்துல இருக்கற ரெண்டு விரலும் நல்லா வேலை செய்யுது. இத வெச்சிக்கினு எவ்ளோ செய்யலாம் தெரியுமா? இதைப் போயி கைக்குட்டையில சுத்தி, ஏதோ திருடினதை ஒளிக்கற மாதிரி பாக்கெட்டுல வெச்சிருக்கீங்க. உங்கம்மா சொன்னாங்களா, கல்யாணம் ஆவற வரைக்கும் வெளிய எடுக்காதன்னு? பாவம், அவங்க பயம் அவங்களுக்கு. எங்க வீட்ல அரியரை மறைச்சாங்க, உங்க வீட்ல கையை மறைச்சாங்க. கணக்கு சரியாப் போச்சு.

ஐயோ, இல்லங்க, பரிதாபம் எல்லாம் இல்ல. பேஷண்ட்டைக் கட்டிக்கக் கூடாதுன்னு எங்க ரூல்லயே இருக்குது, அதனால உங்களை பேஷண்ட்டா நான் பாக்கவே முடியாது. நெஜத்தைச் சொல்லட்டுமா? நாங்க அரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம். நான் எதிர்ல தேரடித் தெருவுல ஒரு மஞ்சள் குங்குமக் கடையில நின்னுக்கினு இருந்தேன். போட்டோவுல பாத்த மொகம், நீங்க மட்டும் தனியா வந்து இந்தத் தண்ணி பாட்டிலை வாங்கினீங்க. மூடி தொறக்க வரல. கடைக்காரரைக் கேட்டிருக்கலாம், கேக்கல. பாட்டிலை ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெச்சு அமுக்கிக்கினு இடது கையால ஒரு திருகு திருகினீங்க. பாதித் தண்ணி பேண்ட்டு மேல. சுத்தி முத்திப் பாத்துட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சு, தனியா நின்னு சிரிச்சீங்க பாருங்க. கோவம் வரல, திட்டல, சிரிச்சீங்க. எனக்கு அதைப் பாத்ததுல இருந்து தலை கால் புரியல. இல்லன்னா நான் இவ்ளோ பேசுவேனா? பேசுவேன், ஆனா இதுல பாதிதான் பேசுவேன்.

சரி, இப்ப பாடப்படி கேக்கறேன். உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை? யாரும் கேட்டதே இல்லியா இந்த மூணு வருஷத்துல? சும்மா சொல்லுங்க. நெட்டி முறிக்கற கேஸையே பாத்தவ நான், சிரிக்க மாட்டேன்.

என்னா? காதுல விழல.

தாலியா.

இருங்க. உங்கக்கா மூணு முடிச்சையும் போட்டுடுவாங்க, நீ கயிறைத் தொட்டுக்கினு மட்டும் இருன்னு சொல்லிட்டாங்களா? உங்களுக்கு முதல் முடிச்சை நீங்களே போடணும். கெட்டிமேளம் அடிக்கும்போது கை நழுவி, ஜனம் பூரா பாத்துடுமோன்னு பயம். இந்தப் பயத்துலதான் முன்னாடி வந்த எடத்துக்காரங்க திமிருன்னு சொன்னப்ப நீங்க மறுத்துப் பேசவே இல்ல. அப்படித்தானே? எனக்கு அந்த வளைகாப்புப் பந்தி ஞாபகம் வருதுங்க. நானாவது எழுந்து வந்துட்டேன். மணவறையில இருந்து எங்க எழுந்து போவறது?

கேளுங்க, அது பதினேழு படி. ஒரு முடிச்சுக்குப் பதினேழு. எண்ணிட்டேன். எப்ப எண்ணினேன்னு இப்ப கேக்காதீங்க, அப்புறம் சொல்றேன். பதினொண்ணு வரைக்கும் உங்களுக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது. பன்னெண்டாவதுலதான் மாட்டும், வலது கை கயிறை அமுக்கிப் புடிச்சிக்கினு இருக்கணும், இடது கை சுத்தி உள்ள வுட்டு இழுக்கணும். மஞ்சள் ஈரமா இருந்தா வழுக்கிடும். அதனால அந்த ஓரத்துல மட்டும் மஞ்சள் பூசாம காய வுட்டுடணும், நுனியில முன்னாடியே குட்டியா ஒரு முடிச்சுப் போட்டு வெச்சிட்டா விரலு நழுவாது. உங்கக்கா பின்னால நின்னு ஜடையைத் தூக்கிப் புடிச்சா எடம் கெடைக்கும். பொண்ணு கொஞ்சம் குனிஞ்சா உங்க முழங்கை தொடை மேல ஊனிக்கும். குனியறேன், எனக்கென்ன, சட்டமா இருக்குது நிமிந்து உக்காரணும்னு? ஆளை மாத்த முடியல, எடத்தையும் விதத்தையும் மாத்தறோம். ஆவணியில முகூர்த்தம் வெச்சா மூணு மாசம் இருக்குது. தினமும் இருபது நிமிஷம். ராணியம்மாளுக்கு ஆறு வாரம்தான் ஆச்சு.

ஆனா ஒரே ஒரு கண்டிஷன். எங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், உங்கம்மாவும் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும். போனதும் ரெண்டு கையையும் வெளிய எடுத்து வணக்கம் வெச்சிட்டுச் சொல்லுங்க. கத்துவாரு. ஒரு பத்து நிமிஷம் கத்துவாரு. கை மடிஞ்சவனை அவரு ஏத்துப்பாரு, மறைச்சவனைத்தான் ஏத்துக்க மாட்டாரு. ரொம்ப ஜாஸ்தியாக் கத்தினா, உங்க பொண்ணுக்கு ஒரு அரியர் இருந்துச்சாமேன்னு மெதுவா கேளுங்க, அடங்கிடுவாரு.

தோ, எங்கம்மா கையாட்டுது, டைம் ஆயிடுச்சுன்னு. ஆட்டட்டும். ரெண்டு நிமிஷம் இருங்க, என் பையில ஒண்ணு இருக்குது. எங்க வெச்சேன், கண்ணாடி, சீப்பு, ஹால்டிக்கெட்டு எதுக்கு இதுல இருக்குது, ஆங், இது. மஞ்சக் கயிறுதாங்க. அந்தக் கடையில வாங்கினேன், நீங்க தண்ணியில நனைஞ்சு சிரிச்சீங்க இல்ல, அதுக்கப்புறம். யாருக்கும்மா கல்யாணம்னு கடைக்காரம்மா கேட்டாங்க. பிராக்டிகலுக்குன்னு சொன்னேன்.

பயப்படாதீங்க, என் கழுத்துல இல்ல, அதுக்கு ஆவணி ஆவும். அந்த பாட்டிலை நடுவுல வைங்க. அதுக்கும் கழுத்து இருக்குது பாருங்க, நல்லா குனிஞ்ச கழுத்து. கொரங்கு வருது, அதை நான் பாத்துக்கறேன். இந்த நுனியை வலது கையில புடிங்க. ம், அப்படித்தான். முதல் படி என்னா? காப்பிக்குச் சொன்னேனே, அதேதான். கண்ணால பாக்கணும்.

என்னை இல்லங்க, கயிறை.